வேலி வரிசைக் கதிர்கள்

பிப்ரவரி 4

என்னப்பா, நல்லா இருக்கியா? வீட்டில் எல்லாரும் சுகமா? நீ பதில் சொல்ல மாட்டாய், தெரியும். டைரிக்கு வீடு ஏது, வாசல் ஏது. ஆனாலும் யாரைப் பார்த்தாலும் நலம் விசாரித்துவிட்டுத்தான் நான் அடுத்த வார்த்தைக்குப் போவேன். அந்தப் பழக்கம் போகாது.

உன்னை வாங்கிக் கொடுத்தவள் என் மகள். "அப்பா, உங்க கதையக் கேட்டுக் கேட்டு என் காது தேஞ்சுபோச்சு. இதுல எழுதுங்க, இது பாதியில எழுந்து போகாது" என்றாள். மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவன் நான். எழுத்தெல்லாம் பேத்தி படிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பிடித்துக்கொண்டதுதான். அவள் இரண்டாம் வகுப்புக்குப் போய்விட்டாள். நான் அங்கேயே நிற்கிறேன்.

மகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவள் என்னை ஒரே ஒரு தடவைதான் கூப்பிடுவாள். "அப்பா!" அவ்வளவுதான். உடனே போனால் சோறு சூடாக இருக்கும், போகாவிட்டால் ஆறிவிடும். இரண்டாம் தடவை கூப்பிட்டதாகச் சரித்திரமே கிடையாது. கேட்டால், "உங்க மாப்பிள்ளைய ஒரு தடவைதான் கூப்பிட்டேன், கல்யாணமே ஆயிடுச்சு" என்பாள். அந்த மாப்பிள்ளை இப்போது கப்பலில் இருக்கிறான். எத்தனை தடவை கூப்பிட்டாலும் அங்கே கேட்காது.

சொல்ல வந்தது வேறு. எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. ஊருக்கு வெளியே கம்பெனிக்காரர்கள் கம்பிவேலி போட்டு மக்காச்சோளம் போட்டிருக்கிறார்கள். சோதனை வயல் என்று பெயர். பகல் முழுக்கக் கிளி விரட்ட வேண்டும். சிபாரிசு செய்தது என் மைத்துனன், மாவு மில் வைத்திருப்பவன். செத்துப்போன என் பெண்டாட்டிக்குத் தம்பி. "எங்க மச்சான் சும்மா பேசிக்கிட்டு நின்னாலே போதும் சார், ஒரு பறவை உள்ள வராது" என்று சொன்னானாம். இதைச் சிபாரிசு என்று எடுத்துக்கொள்வதா, வேறு எப்படியாவது எடுத்துக்கொள்வதா?

பிப்ரவரி 9

வயலுக்குள் போகும்போது ரப்பர் செருப்பு அவர்கள் கொடுப்பது. வெளியே வரும்போது அதை மருந்துத் தண்ணீரில் கழுவ வேண்டும். சட்டையை உதற வேண்டும், மடிப்பை விரித்துக் காட்ட வேண்டும். ஒரு மணி சோளம் உடம்போடு வெளியே போகக் கூடாது.

மேற்பார்வை பார்க்கிறவன் ஒரு பையன், முப்பது வயது இருக்கும். கழுத்தில் விசில். நாங்கள் அவனை விசில் என்றே சொல்கிறோம். அவன் விளக்கினான்: "நடுவுல இருக்கிறதுதான் புதுச் சோளம் பெரியவரே. எப்பேர்ப்பட்ட வண்டும் துளைக்காது. ஏதோ ஒரு கொட்டை மரத்துல இருந்து அந்தக் குணத்த எடுத்து இதுக்குள்ள வச்சிருக்காங்க. சுத்தி நாலு பக்கமும் இருக்கிறது வேலி வரிசை. அது சாதாச் சோளம், உங்க வீட்டுப் பக்கம் விளையறதுதான்."

"மரத்துக் குணத்தச் சோளத்துக்குள்ள எப்படித் தம்பி வச்சாங்க?"

"அதெல்லாம் எனக்குத் தெரிஞ்சா நான் எதுக்கு விசில் ஊதிக்கிட்டு நிக்கறேன்?"

அதுவும் நியாயம்தான்.

அரசாங்கத்தில் இருந்து உணவுப் பாதுகாப்பு அதிகாரி ஒரு அம்மாள் வந்து போகிறாள். மூக்குக் கண்ணாடி, கையில் ஒரு பை. வரிசை வரிசையாக நடந்து பார்க்கிறாள். இந்தச் சோளத்தை மனிதர்கள் சாப்பிடலாமா கூடாதா என்று தீர்ப்புச் சொல்கிற ஆட்களில் அவளும் ஒருத்தியாம். அதுவரை வெளியே விடக் கூடாது. என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் கிளிகளுக்கு ராஜா கதை சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டிருப்பாளோ?

பிப்ரவரி 16

சோளம் பூத்துவிட்டது. காற்று அடித்தால் மஞ்சள் தூள் பறக்கிறது. என் தலை, மீசை, காது மடல் எல்லாம் மஞ்சள். கல்யாண வீட்டுக்குப் போய்வந்தவன் மாதிரி இருக்கிறேன்.

மார்ச் 3

இன்றைக்கு விசில் கண்ணைக் காட்டினான். வேலி வரிசையில் பால் பிடித்த இளங்கதிர்கள். "எப்படியும் கொளுத்தப் போறதுதான். சாதாச் சோளம். ஆளுக்கு நாலு எடுத்துக்குங்க. உள் பக்கம் மட்டும் கை போகக் கூடாது, எனக்கு வேலை போயிரும்." வயலில் வேலை பார்க்கிற எல்லாரும் எடுத்தார்கள். களை பறிக்கிற பெண்கள் முந்தானையில், மருந்து தெளிக்கிறவன் சட்டைக்குள். உதறச் சொல்லும் சட்டைக்குள்தான்! மில்லுக்கும் ஒரு பை போயிற்று.

உப்புப் போட்டு வேகவைத்தோம். என் பேத்தி கதிரைப் பிடித்து முன்பல்லால் கொறித்துக்கொண்டே போனாள், ஒரு வரி முடிந்தால் அடுத்த வரி. அதனால்தான் அவளுக்குச் சுண்டெலி என்று பெயர். அவள் தின்பதைப் பார்த்தால் நமக்கும் பசிக்கும்.

அவளுக்கு முந்திரி ஆகாது. அதை நான் உன்னிடம் சொல்லவில்லை அல்லவா? மூன்று வயதில் ஒரு கல்யாண வீட்டில் அரை முந்திரி தின்றாள். உதடு தடித்து, கண் மூடி, மூச்சு விசில் மாதிரி வந்தது. ஆஸ்பத்திரியில் அந்த டாக்டர் மட்டும் இல்லையென்றால்... வேண்டாம், அதை எழுத மாட்டேன். அன்றில் இருந்து மகளின் பையில் எப்போதும் ஒரு ஊசி இருக்கும், தொடையில் குத்துகிற ஊசி. பை இல்லாமல் அவள் கிணற்றடிக்குக்கூடப் போவதில்லை.

மார்ச் 4

சுண்டெலிக்கு உதடு லேசாகத் தடித்திருந்தது. வாய் ஓரம் தடிப்புத் தடிப்பாக. மகள் பதறிப்போய் என்ன தின்றாய் என்று கேட்டாள். பள்ளிக்கூடத்தில் சிநேகிதி பிஸ்கட் கொடுத்தாளாம். அதில் ஏதோ கொட்டைத்தூள் இருந்திருக்கும். சாயங்காலம் சரியாகிவிட்டது. அந்தச் சிநேகிதியின் அம்மாவிடம் மகள் சண்டைக்குப் போய் வந்தாள்.

மார்ச் 8

மறுபடியும். இன்றைக்குப் பள்ளிக்கூடம் லீவு. பிஸ்கட் இல்லை. யார் வீட்டுக்கும் போகவில்லை. தின்றது சோளக் கதிர் மட்டும்.

வேலி வரிசைதானே? சாதாச் சோளம்தானே?

அந்தக் கதிரை நானும் தின்றேன், எனக்கு ஒன்றும் இல்லை. என் சந்தேகத்தை மகளிடம் சொல்லவில்லை. மிச்சத்தை ஆட்டுக்குப் போட்டேன். இனிமேல் கொண்டுவருவதில்லை.

ஏப்ரல் 10

அறுவடை. உள் வயல் கதிர்களை எண்ணி, எடை போட்டு, சோதனைக்குக் கொஞ்சம் சீல் வைத்து எடுத்துக்கொண்டு, மீதியைக் குழி வெட்டிக் கொளுத்தினார்கள். சோளம் எரிகிற வாசம் நல்ல வாசம்தான். ஆனால் இன்றைக்கு ஊரில் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. விளைந்த தானியத்தைக் கொளுத்துவதைப் பார்த்தவர்கள் இல்லை அல்லவா எங்கள் ஆட்கள்.

வேலி வரிசையையும் கொளுத்த வேண்டும் என்று உத்தரவு. கொளுத்தினார்கள், சோளத்தட்டையை. கதிர் பாதிதான் குழிக்குள் போயிற்று. என்ன கதிர் தெரியுமா! முழங்கை நீளம். கம்பெனி உரம், கம்பெனித் தண்ணீர். கையில் வாங்கியவன் கீழே வைக்க மாட்டான். விசில் அந்தப் பக்கம் திரும்பி நின்று போன் பேசினான்.

மைத்துனன் மில்லில் கூரை மரத்தில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறான். எங்கள் ஊரில் யார் வீட்டிலும் அப்படித்தான். சுமார் கதிரைத் தின்பார்கள், பருத்த கதிரைத் தொடமாட்டார்கள், அது விதைக்கு. ஒரு தடவை விதைக்கதிரில் ஒன்றை என் மாமனார் தின்றுவிட்டார் என்பதற்காக மாமியார் அவரோடு ஒரு மாசம் பேசவில்லை. பேசாத அந்த மாசம்தான் தன் வாழ்க்கையிலேயே நிம்மதியான மாசம் என்று அவர் என்னிடம் தனியாகச் சொல்லியிருக்கிறார்.

எனக்கு நிலம் இல்லை. அதனால் விதையும் இல்லை. எனக்கு வந்த இரண்டு கதிரையும் மைத்துனனிடமே கொடுத்துவிட்டேன்.

ஏப்ரல் 24

பள்ளிக்கூடத்தில் கூட்டம். அந்தக் கண்ணாடி அம்மாளும் இன்னும் இரண்டு அதிகாரிகளும். பெஞ்சு எல்லாம் குழந்தைகள் உட்கார்வது, எங்கள் ஆட்கள் முழங்காலை மோவாயில் முட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அம்மாள் கேட்டாள்: "உள் வயல்ல இருந்தோ வேலி வரிசையில இருந்தோ யாராவது கதிர் எடுத்துப் போனீங்களா? பயப்படாம சொல்லுங்க. எங்களுக்குத் தெரிஞ்சே ஆகணும்."

விசில் எழுந்து, "எல்லாம் எரிச்சாச்சு மேடம், ஒரு மணி வெளிய போகல" என்றான். முந்தின நாளே அவன் வீடு வீடாக வந்து சொல்லிவிட்டான், எடுத்தது தெரிந்தால் கம்பெனி போய்விடும், ஊரில் அத்தனை பேருக்கும் கூலி போய்விடும், மேலே கேஸும் வரும் என்று. ஆகவே ஊரே தரையைப் பார்த்தது.

எனக்குச் சுண்டெலியின் உதடுதான் கண்ணில் நின்றது. எழுந்துவிட்டேன்.

"நாங்க தின்னோம் அம்மா. வேலி வரிசைக் கதிரு. என் பேத்திக்கு ரெண்டு தடவை உதடு வீங்கிருச்சு."

சிரிப்பு. முதலில் பின்பெஞ்சில், அப்புறம் எல்லா இடத்திலும். மைத்துனன் எழுந்து, "மேடம், எங்க மச்சான் சொல்றத எழுதிக்காதீங்க. போன வருஷம் இவர் ஆடு கணக்குப் போட்டுச்சுன்னு சொன்னவரு" என்றான். "கழித்தல் கணக்கு மட்டும்தான்டா போட்டுச்சு!" என்று எனக்கு வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன்.

அம்மாள் சிரிக்கவில்லை. பேனாவை எடுத்தாள். "நாங்கன்னா யாரு யாரு?"

அப்போது ஊரைப் பார்த்தேன். களை பறிக்கிற பெண்கள், மருந்து தெளிக்கிறவன், மைத்துனன். இவ்வளவு நேரம் சிரித்த முகங்கள். ஒரு முகத்திலும் சிரிப்பு இல்லை. எல்லா முகமும் ஒரே மாதிரி என்னைக் கும்பிடுகிற மாதிரி இருந்தது.

"நான் மட்டும்தான்" என்றேன். "என் வீட்ல மட்டும்தான்."

"விதைக்கு ஏதாவது எடுத்து வச்சிருக்கீங்களா?"

"எனக்கு நிலமே இல்லையே அம்மா."

எழுதிக்கொண்டாள்.

ஏப்ரல் 25

வேலை போயிற்று. போகட்டும். கிளிகளுக்குத்தான் கதை பாதியில் நிற்கிறது.

மைத்துனன் வந்து கையைப் பிடித்துக்கொண்டான். "நல்ல வேளை மச்சான், எங்க பேரச் சொல்லாம விட்டீங்க. நீங்கதான் மனுஷன்." சந்தோஷமாகத்தான் இருந்தது. அவன் அக்கா செத்த பிறகு என் கையைப் பிடித்தது இதுதான் முதல் தடவை.

மகள்தான் பேசவில்லை. மார்ச்சிலேயே சொல்லியிருக்க வேண்டும் நான்.

மே 15

கண்ணாடி அம்மாள் நர்ஸோடு வீட்டுக்கே வந்தாள். சுண்டெலியின் ரத்தம் வேண்டுமாம். மகள் கதவை மறித்து நின்றாள்.

"எதுக்கு மேடம் எங்க புள்ள ரத்தம்?"

"அந்தச் சோளத்துல புதுசா சேர்த்திருக்கிற சத்து, முந்திரி ஆகாதவங்க ரத்தத்துல போய் ஒட்டுதான்னு பார்க்கணும்மா. ஏற்கெனவே சிலரோட ரத்தத்துல பார்த்தாங்க, ஒட்டலன்னுதான் கம்பெனி காகிதம் சொல்லுது. எனக்கு அது போதல. உங்க பொண்ணு உண்மையிலேயே சாப்பிட்டவ. இவ ரத்தம் சொல்றத யாரும் மறுக்க முடியாது. ஒட்டுச்சுன்னா அந்தச் சோளத்த நிறுத்திரலாம்."

சுண்டெலி தானே கையை நீட்டினாள். "அழுதா மிட்டாய் கிடையாதா, அழாட்டி கிடையாதா?" என்று நர்ஸிடம் விவரம் கேட்டுக்கொண்டுதான் நீட்டினாள்.

போகும்போது நான் அம்மாளைக் கேட்டேன். "நாங்க தின்னது சாதாச் சோளமாச்சே அம்மா?"

அவள் நின்றாள். "செடிதான் ஐயா சாதா. உள்ளே இருக்கிற புதுச் செடியோட பூந்தூள் பறந்து வெளிய போயிரக் கூடாதுன்னுதான் சுத்தி வேலி வரிசை நடுறது. தூள் அது மேல விழும். அதனால அதுல பிடிக்கிற மணியில பாதி புதுச் சோளம்தான். விதைச்சா அப்படியே முளைக்கும். அதனாலதான் அதையும் கொளுத்தச் சொல்றோம்."

என் மீசையில் இருந்த மஞ்சள் தூள் ஞாபகம் வந்தது. மொத்த ஊரிலும் அந்தத் தூளை அதிகம் சுமந்தவன் நான்தான்.

மே 16

விடிந்ததும் மில்லுக்குப் போனேன். கூரை மரத்தில் கதிர் இல்லை.

"மாப்ளே, அந்த விதைக்கதிர் எங்கடா?"

"கோழிக்குப் போட்டாச்சு மச்சான்."

"முழங்கை நீளக் கதிர கோழிக்கா?"

"கூட்டத்துல அந்தம்மா கேட்ட கேள்விக்கு அப்புறம் எவன் வச்சிருப்பான்? நீங்க பேசாம இருங்க. திரும்ப அவங்ககிட்டப் போய் ஏதாச்சும் உளறிடாதீங்க."

களை பறிக்கிறவள் வீட்டில் கேட்டேன். கோழிக்கு. மருந்து தெளிக்கிறவன் வீட்டில் கேட்டேன். கோழிக்கு. அவனிடம் கோழி இருந்ததாகவே எனக்கு ஞாபகம் இல்லை. பக்கத்து வீட்டுக் கோழியாக இருக்கும்.

நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன்.

ஜூன் 22

நல்ல மழை. ஊர் முழுக்க விதைத்துவிட்டார்கள்.

ஆகஸ்ட் 14

மேலத்தெருவில் ஒரு ஆட்டுக்குட்டி சோளக்கொல்லைக்குள் போய்விட்டது. தேடிப் போனவன் காணாமல் போய், அவனைத் தேடிப் போனவனையும் தேட வேண்டியதாயிற்று. பயிர் அவ்வளவு உயரம். கடைசியில் குட்டி மட்டும் தானாக வீடு வந்து சேர்ந்தது.

செப்டம்பர் 5

கண்ணாடி அம்மாள் மகளின் போனுக்குப் பேசினாள். ஒட்டுகிறதாம். சுண்டெலியின் ரத்தத்தில் அது நன்றாகவே ஒட்டுகிறதாம். அப்புறம் முந்திரி ஆகாத இன்னும் பலரின் ரத்தத்தை வாங்கிப் பார்த்திருக்கிறார்கள், சிலருடையதிலும் ஒட்டியிருக்கிறது. கம்பெனியே விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டுவிட்டது. அந்தச் சோளம் இனி எந்த நாட்டுச் சந்தைக்கும் போகாது.

"உங்க அப்பா அன்னைக்கு எழுந்திருக்காட்டி இது எங்க கண்ணுல படாமலே போயிருக்கும்" என்றாளாம். மகள் இதைச் சொல்லும்போது அழுதுவிட்டாள். கூடவே அந்த அம்மாள் இன்னொன்றும் சொன்னாளாம்: "இளங்கதிர்ல பாதி மணிதான் அது. முழுசா விளைஞ்சத அரைச்சு மாவா சாப்பிட்டிருந்தா இந்த வயசுப் பிள்ளை தாங்கியிருக்காது."

வயல் இருந்த இடத்தில் கம்பி வேலியைப் பிடுங்கிவிட்டார்கள். விசில் வேறு ஊருக்குப் போய்விட்டான். போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

அக்டோபர் 11

ஊரில் அறுவடை. விளைச்சல் என்றால் விளைச்சல், இப்படிப் பார்த்து எத்தனையோ வருஷம் ஆயிற்று. எல்லாருக்கும் சிரித்த முகம். போன வருஷத்துச் சோளம் தீர்ந்த பிறகுதான் புதிய மூட்டையைப் பிரிப்பார்கள், அது எங்கள் ஊர் வழக்கம்.

டிசம்பர் 2

என்னப்பா, சுகமா? ரொம்ப நாளாயிற்று உன்னைத் தொட்டு. கோபமா? கதை கேட்க ஆள் கிடைத்துவிட்டது, அதுதான் காரணம். கூட்டத்தில் சிரித்தவர்களே இப்போது என்னை உட்காரவைத்து, "அந்தம்மா உங்கள என்ன சொல்லிப் பாராட்டினாங்க, சொல்லுங்க" என்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் அந்தம்மா கொஞ்சம் கூடுதலாகப் பாராட்டுகிறாள், நான் என்ன செய்ய?

இன்றைக்கு மில்லுக்குப் போயிருந்தேன். புது மூட்டை பிரித்து முதல் அரைப்பு. மைத்துனன் நல்ல குஷியில் இருந்தான். "மச்சான், மொத மாவு எங்க அக்கா மகளுக்குத்தான், எடுத்துட்டுப் போங்க" என்று ஒரு பை கட்டிக் கொடுத்தான். இன்னும் சூடு ஆறாத மாவு. நானே மடியில் கட்டிக் கொண்டுவந்து மகள் கையில் கொடுத்தேன். அடுப்படியில் ரொட்டி வாசம் வருகிறது. சுண்டெலி பள்ளிக்கூடத்தில் இருந்து வந்துவிட்டாள் போல, சத்தம் கேட்கிறது. நான் கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து உன்னோடு பேசிக்கொண்டிருக்கிறேன்.

மில்லில் ஒரு மூட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தேன். தோள் வரைக்கும் விட்டேன். சுத்தமான சுத்தம். இந்த மாதத்தில் எந்த வருஷமும் இப்படி இருக்காது. ஒரு வருஷம் என் மாமனார் வீட்டுக் குதிரில் வண்டு விழுந்து, சோளம் எல்லாம் ஓட்டை. மாமியார் முறத்தில் போட்டுப் புடைத்தால் தானியம் பறக்கிறது, வண்டு கீழே நிற்கிறது! மாமனார் சொன்னார், இனிமேல் வண்டை அரைத்து வண்டுக்கஞ்சி குடிக்கலாம், சோளத்தை விற்றுவிடலாம் என்று. அதற்கு மாமியார் முறத்தைத் தூக்கிக்கொண்டு அவரைத் தெருக்கோடி வரைக்கும் விரட்டி, அங்கே நின்றிருந்த தபால்காரர் குறுக்கே விழுந்து, அந்தத் தபால்காரர் கதை தனி. அவருக்கு இரண்டு சைக்கிள், ஒன்றுக்கு பிரேக் கிடையாது. அதை அப்புறம் சொல்கிறேன்.

எதற்குச் சொல்ல வந்தேன்? ஆமாம். வண்டு. இந்த வருஷம் ஒரு வண்டு இல்லை. மைத்துனன் அதைத்தான் பெருமையாகச் சொன்னான். "யார் வீட்டு மூட்டைலயும் வண்டே இல்ல மச்சான், என்ன அதிர்ஷ்டம் பாருங்க!" ஊர் முழுக்க ஒரு வீட்டிலும்

ஏன் இல்லை?

எப்பேர்ப்பட்ட வண்டும் துளைக்காது என்று விசில் சொன்னது உள் வயல் சோளத்தை. அதைக் கொளுத்திவிட்டார்கள், நான் பார்த்தேன். வேலி வரிசைக் கதிர் கோழிக்கு. கோழிக்குப் போட்டாச்சுன்னுதானே சொன்னான்? எல்லாரும் அதைத்தானே சொன்னாங்க? அந்த மருந்து தெளிக்கிறவன்கிட்டக் கோழி ஏது

அடப்பாவி மாப்ளே. விதைச்சிட்டீங்களா. முழுசா விளைஞ்சா என்ன ஆகும்னு அந்தம்மா சொன்னாளே. என் மடியில கட்டி நானேதானே கொண்டுவந்து

மகள் கூப்பிடுகிறாள். "அப்பா!" என்றாள். வரேம்மா. மறுபடியும் "அப்பா!" என்கிறாள். அவள் ஒரு தடவைக்கு மேல் கூப்பிட்டதே இல்லை, இப்போது நிறுத்தாமல்